பெலேமின் சூடு

லிஸ்பனில் பெலேம் வட்டாரத்துக்குப் போகிறவர்கள் ஜெரோனிமோஸ் மடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்டெய்ஸ் டி பெலேம் பேக்கரிக்கு வருவார்கள். முதலில் பேக்கரிக்குப் போங்கள் என்பேன், காலையிலேயே, வரிசை நீள்வதற்குள். நீலமும் வெள்ளையுமான ஓடுகள் பதித்த கூடங்கள் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இடம் பிடித்து உட்கார்ந்தால், உள்ளங்கையில் அடங்கும் கஸ்டர்ட் டார்ட்கள் சுடச்சுட வரும்.

கடித்துவிடாமல் ஒரு கணம் பாருங்கள். மஞ்சள் கஸ்டர்டின் மேல் அங்கங்கே கருகல் திட்டுகள் இருக்கும். அவைதான் இதன் அழகு. கேக் வேகும் சூட்டைவிட மிகக் கடுமையான சூட்டில் வெந்த அடையாளம் அது. மேலே கருகத் தொடங்கும்போது உள்ளே கஸ்டர்ட் தளதளவென்று நிற்க வேண்டும். அதற்குள் மாவும் மொறுமொறுப்பாகிவிட வேண்டும். சூடு குறைந்தால் நேரம் நீளும், நேரம் நீண்டால் மஞ்சள் கரு திரிந்துவிடும். மாவு வேலையும் லேசுப்பட்டதல்ல. கொழுப்பு தடவி மடித்த மாவைப் பாயாகச் சுருட்டி, துண்டுபோட்டு, அச்சில் வைத்துக் கட்டைவிரலால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஏற்றுவது போர்ச்சுக்கல் வழக்கம். இங்கே அந்த மாவு ஓடு மற்ற கடைகளுடையதைவிட மெல்லியது; லேசாக உப்புக் கரிப்பது கஸ்டர்டின் தித்திப்பைத் தூக்கிக் கொடுக்கிறது.

மடங்களில் துணிக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக் கருவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சள் கருவில் இனிப்புகள் செய்தார்கள் என்பார்கள். 1834இல் அரசு மடங்களை மூடியது. பிழைப்புக்காக ஜெரோனிமோஸ் மடத்தின் பலகாரம் பக்கத்துச் சர்க்கரை ஆலைக் கடையில் விற்பனைக்கு வந்தது. 1837இல் பேக்கரி தொடங்கியது. செய்முறை இன்றும் சில கைவினைஞர்களுக்கு மட்டுமே தெரியும். மூடிய அறையில் மாவும் கஸ்டர்டும் தயாராகின்றன.

எல்லோரும் வியப்பது அந்த ரகசிய அறையை. என் வியப்பெல்லாம் அறைக்கு வெளியே இருக்கும் அடுப்பின் மேல்தான். நாளொன்றுக்குச் சுமார் 20,000 டார்ட்கள் விற்பதாகச் சொல்கிறார்கள். ஆறிப்போக அவகாசமே இல்லாத விற்பனை அது. ருசியில் பாதி அந்தக் கூட்டம் கொடுப்பது.

மேலே பட்டைத்தூளை முதலில் தூவுங்கள், பிறகு பொடித்த சர்க்கரை. 16ஆம் நூற்றாண்டில் பட்டைக்காக இலங்கையின் கோட்டை அரசை நெருக்கிய வாணிபம் இந்த ஊர்க் கப்பல்களுடையது. இந்தியாவுக்குக் கடல்வழியைத் திறந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை ஜெரோனிமோஸ் மடத்துத் தேவாலயத்தில்தான் இருக்கிறது. பொட்டலம் வாங்கினாலும் விடுதி அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரம் ஏறி ஓடு நமத்துவிடும். பக்கத்துப் பூங்காவிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.