புத்தகக் கட்டுக்குள் ஒரு கத்தி

தேவிகாபுரத்தில் பட்டு நெய்யும் குடும்பம் ஒன்று எனக்குப் பல்லாண்டுப் பழக்கம். அவ்வீட்டுத் தறியருகே நூலில் கட்டிய சிறு கத்தி ஒன்று எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். பிசிறு நூலை அறுப்பதற்கு அது. அலகு தேய்ந்து பாதியாகிவிட்டது. அதைக் கண்டு அஞ்சியவர் எவருமில்லை. சென்ற ஆண்டு அதே வீட்டில் வேறொரு கத்தி அகப்பட்டது. மேல்நிலைப் பள்ளியில் பயிலும் மகனின் பையில், கணக்கு நோட்டுக்கும் வேதியியல் புத்தகத்துக்கும் இடையே, பளபளக்கும் பட்டன் கத்தி. தாய் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசைமீது வைத்தார். "சாமி, எம்புள்ள எப்பிடிப்பட்டவனா ஆயிட்டான்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் சற்றும் தாமதியாமல் விடை கூறினேன். நூல்கள் படித்தவனுக்கு உள்ள கேடு அது. உவமை உடனே கைக்கு வந்துவிடும். என் நினைவுக்கு வந்தவன் பெரியபுராணத்து முத்தநாதன். அந்த அன்னையிடம் அவன் கதையைச் சொல்லி, அவரைக் கலங்கவைத்து அனுப்பினேன். அன்றிரவு சேக்கிழாரை மீண்டும் எடுத்துப் படித்தபோதுதான் நான் கூறியது எவ்வளவு அரைகுறையான வாசிப்பு என்பது தெரிந்தது.

தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு வாசகர் பலரும் அறிந்ததே. போரில் அவரை வெல்ல இயலாத முத்தநாதன் திருநீறு பூசி அடியவர் வேடம் புனைந்து, ஓலைச்சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து, இரவில் அரண்மனைக்குள் நுழைகிறான். அரிய ஆகமம் ஒன்று கொணர்ந்துள்ளதாகக் கூறுகிறான். அரசியை அகற்றிவிட்டு, தாம் தரையில் அமர்ந்து அரசர் வணங்கும் வேளையில் சுவடிக் கட்டு அவிழ்கிறது. கூடா நட்பு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் தொழும் கைகளையும் ஐயுறச் சொன்னது எதனால் என்பதற்கு இதனினும் கொடிய சான்று தமிழில் இல்லை.

ஆனால் நாம் பெரும்பாலும் இங்கேயே கதையை நிறுத்திவிடுகிறோம். சேக்கிழார் நிறுத்தவில்லை. முத்தநாதன் பன்முறை தோற்றவன் என்பதை அவர் முன்னரே கூறிவிடுகிறார். நேர்நின்று வெல்ல முடியாதவனின் கருவியே அந்த மறைந்த கத்தி. மேலும் அக்காட்சியில் இன்னோர் இரும்பும் உண்டு. அது மெய்காவலன் தத்தனின் வாள். அவன் கண்ணெதிரே தன் அரசன் குத்துண்டு வீழ்கிறான். அவன் வாள் எழுகிறது. அதனினும் நியாயமான வாள் எங்கே இருக்கிறது? சாகும் அரசர் அவனைத் தடுத்து, இவர் நம்மவர் என்கிறார். எவராலும் தீங்கு நேராதபடி ஊர் கடந்து கொண்டுபோய் விடும்படி பணிக்கிறார். சினந்து சூழும் மக்களுக்கு அரச ஆணையை எடுத்துச்சொல்லி விலக்கி, கொலைஞனை மக்கள் வழங்காத இடம் வரை கொண்டுசென்று விட்டுத் திரும்பி, அச்செய்தியை உயிர் பிரியுமுன் அரசர் செவியில் சேர்க்கிறான் தத்தன். நாயனார் பட்டியலில் அவனுக்கு இடமில்லை. என்னளவில், அந்த இரவின் மிகக் கடினமான பணியைச் செய்தவன் அவனே. கொல்லும் உரிமையும் காரணமும் கருவியும் ஒருங்கே கையில் இருக்கும்போது ஒருவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் யாரென்பது வெளிப்படுகிறது.

தத்தனைப் படித்துவிட்டுக் கெத்சமனிக்குச் செல்லாமல் இருக்க ஒரு குருவால் இயலாது. அங்கும் ஒரு தலைவர், ஒரு வஞ்சகன், ஒரு காவலன். எனினும் நான் சற்று முன்னதாக, மேல்மாடி அறைக்கே செல்ல விரும்புகிறேன். இறுதி இராவுணவு முடிந்ததும் சீடர்கள் ஆண்டவரிடம் இரண்டு வாள்களைக் காட்டியதாக லூக்கா எழுதுகிறார். அப்பம் பிட்கப்பட்ட அதே அறையில் அவை இருந்தன! இதை நாம் மறையுரைகளில் அதிகம் பேசுவதில்லை. கிரேக்க மூலத்தில் உள்ள மகாய்ரா என்னும் சொல் வாளையும் குறிக்கும், கத்தியையும் குறிக்கும். மோரியா மலையில் ஆபிரகாம் எடுத்த கத்திக்கும் எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இச்சொல்லையே ஆள்கிறது. ஆக, நற்கருணையின் முதல் விருந்தினருள் சிலர் கத்தி வைத்திருந்தவர்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர், அஞ்சியவர்கள்.

வெட்டலாமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். விடை வருமுன்னரே ஒருவர் வெட்டிவிடுகிறார். அவர் பேதுரு என்றும், வலக்காது அறுபட்ட பணியாளன் மால்கு என்றும் பெயர் தருபவர் யோவான். அதே யோவான் இன்னொன்றும் சொல்கிறார்: முற்றத்தில் பேதுருவை அடையாளம் கண்டு கேள்வி கேட்டவருள் ஒருவன் மால்குவின் உறவினன். வாளை உருவிய கையும் மறுதலித்த வாயும் ஒரே மனிதனுடையவை. இடையே சென்றவை சில நாழிகைகளே. இவ்விரண்டையும் வீரம் ஒன்று, கோழைமை ஒன்று என்று பிரித்துப் பேசுவது நம் வழக்கம். எனக்கு அவை ஒரே அச்சத்தின் இரு முகங்களாகவே படுகின்றன.

நமது தொண்டை நாட்டிலும் தன் படைக்கலங்களை எடுத்துக் காட்டிய ஓர் அரசன் உண்டு. அதியமானின் தூதாகச் சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டியதையும், அவர் பாடிய விடையையும் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு தருகிறது. பட்டிமன்ற மேடைகளில் இது நையாண்டிக்காகவே கைதட்டல் பெறும்: உன் வேல்கள் மயிற்பீலி சூடி நெய்ப்பூச்சுடன் மாளிகையில் உறங்குகின்றன, எங்களுடையவை முறிந்து கொல்லன் குடிலில் கிடக்கின்றன என்னும் குத்தல். குத்தல் உண்மைதான். ஆனால் அதைப் போற்ற எனக்குத் தயக்கம் உண்டு. முறிந்த ஒவ்வொரு வேலும் ஒரு மனித உடலைச் சென்று கண்டது அல்லவா? எசாயா கண்ட கொல்லன் உலையில் வாள் கொழுவாகிறது. ஔவையின் கொல்லன் அதை மீண்டும் வேலாக்குவான். பாட்டின் முடிவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தன் மன்னனின் இயல்பைச் சொல்ல வரும்போது ஔவை வேலை விட்டுவிட்டுச் சோற்றைப் பேசுகிறார்: உள்ளபோது பிறர்க்கு ஊட்டுபவன், இல்லாதபோது இருப்பதைப் பகிர்ந்து உண்பவன். வாள்மங்கலம் என்று துறை வகுக்கப்பட்ட பாட்டு பந்தியில் வந்து முடிகிறது.

சட்டம் அங்குலக் கணக்கில் பேசும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகள் 9 அங்குலத்தினும் நீளமான, அல்லது 2 அங்குலத்தினும் அகலமான அலகைக் கணக்கில் கொள்கின்றன. வீடு, உழவு, தொழில் இவற்றுக்கான கருவியை விலக்குகின்றன. எதற்காக என்று அதுவும் கேட்கத்தான் செய்கிறது. நம் திரைப்படங்கள் அதைக் கேட்பது அரிது. 1992-இல் வெளிவந்த 'தேவர் மகன்' கேட்டது. அரிவாளை ஏந்த நேர்ந்த நாயகன் சிறைக்குச் செல்லும்போது, பிள்ளைகளைப் படிக்கவைக்கும்படி ஊராரை வேண்டுகிறான். பார்த்தவர்களில் பலர் வீட்டுக்குக் கொண்டு சென்றது மீசையையும் அரிவாளையும்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை உடன் பயின்றவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, மாணவர் கைகளில் கட்டும் வண்ணக் கயிறுகளையும் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அற்பமான கயிறு என்று சிலர் நகைத்தார்கள். அந்தக் கயிற்றின் மறுமுனை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை.

மறுவாரம் அந்த மகனை அழைத்துப் பேசினேன். முத்தநாதனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. யாருக்கு அஞ்சுகிறாய் என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, பள்ளி விட்டு வரும் வழியில் உள்ள பேருந்து நிறுத்தம் ஒன்றின் பெயரைச் சொன்னான். அங்கே மாலைதோறும் தன்னைச் சூழ்ந்து கேலி செய்யும் நால்வரைச் சொன்னான். "எடுத்துக் காட்டக்கூட இல்லை ஃபாதர். உள்ளே இருந்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கும்" என்றான். அவன் தாயிடம் சென்று, நான் கூறியது பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது மாலை வேளைகளில் தந்தை தறியை நிறுத்திவிட்டு அந்த நிறுத்தம் வரை செல்கிறார். நாளுக்கு ஒரு மணி நேர நெசவு போகிறது. கத்தி தாயின் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. அவன் அதைத் திருப்பிக் கேட்கவில்லை; வேண்டாம் என்றும் இதுவரை சொல்லவில்லை.