கலப்பையும் கட்டைப்பையும்

குடும்பப் பயணத்துக்குச் சாமான் கட்டுவதை ஒரு கலையாக எடைபோடுவதானால் முதலில் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு எடுத்துப் போனார்கள் என்பது அளவுகோல் ஆகாது. எதையும் மறக்கவில்லை என்பது குறைந்தபட்சத் தகுதி, அவ்வளவுதான். இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஓடும் வண்டியில், அரை இருட்டில், வேண்டிய ஒரு பொருளை மற்றவற்றைக் கலைக்காமல் எடுக்க முடிகிறதா? கட்டியவர் தூங்கிப்போனால் இன்னொருவரால் எடுக்க முடிகிறதா?

இந்த அளவுகோலைப் போளூர்ப் பக்கத்துச் சேத்துப்பட்டுக்காரர் வெளியூரில் தேட வேண்டியதில்லை. போளூர் வழியாக மேற்கே போனால் பருவதமலை. அதைத்தான் மலைபடுகடாம் சொல்லும் நவிரமலை என்பார்கள். பாட்டுடைத் தலைவன் நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம். 583 அடி நீளும் அந்தப் பாட்டை நன்னன் புகழாகவும் மலைவளமாகவும் படித்தே பழகிவிட்டோம். பயணத் திட்டமாகப் படித்தால் அதன் சாதனை வேறு. அதைப் பாடிய பெருங்கௌசிகனார் முதலில் பார்ப்பது, நன்னனிடம் பரிசில் தேடிப் போகும் கூத்தர்களின் முகத்தை அல்ல, மூட்டையை. முழவு முதல் குழல் வரை பெரிதும் சிறிதுமான கருவிகளைப் பையிலிட்டு, பாரம் இருபுறமும் ஒத்திருக்கக் கட்டிச் சுமந்து வருகிறார்கள். பார்வைக்கு அது பலாக்காய்க் கொத்துப்போல் இருக்கிறது. கலம் போடும் அந்தப் பைக்குக் கலப்பை என்று பெயர். உவமை அழகுக்காக மட்டும் நிற்கவில்லை என்பது என் வாசிப்பு. பலா கொத்தாகக் காய்த்தாலும் ஒவ்வொரு காய்க்கும் தனிக் காம்பு உண்டு. ஒன்றைப் பறித்தால் இன்னொன்று விழாது. முதல் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விடை கிடையாது.

வழி சொல்லும் முறையிலும் அதே ஒழுங்கு. எங்கே வழுக்கும், எங்கே பொறி வைத்திருப்பார்கள், இரவில் எங்கே தங்கலாம் என்று நடக்கும் வரிசையிலேயே செய்தி வருகிறது. புது ஊரில் வழி பிரியும் இடத்தைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்கிறது பாட்டு. பின்னால் வருகிறவரையும் கணக்கில் எடுத்த திட்டம் இது. ஏவல்களெல்லாம் பன்மையில் வருவதையும் கவனிக்க வேண்டும். தலைவன் காதில் மட்டும் ஓதப்பட்ட இரகசியம் அல்ல. கூட்டம் முழுவதும் கேட்கச் சொன்னது.

குறையும் உண்டு. சோற்றைப் பற்றிய கவலையே இல்லை. ஒவ்வொரு குடியிருப்பிலும் விருந்து கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கட்டுச்சோறு விடுபட்டுவிட்டது. நன்னன் பரிசிலை அள்ளித் தருவான், சரி. அதை எதில் கட்டி வீடு கொண்டுவருவது? ஆற்றுப்படையின் இலக்கணமே போகும் வழியைச் சொல்வதுதான் என்று வாதிடலாம். வகைமையின் எல்லை ஒரு குறையை விளக்கும், நீக்காது.

ஏனுகுல வீராசாமியின் காசி யாத்திரையை இங்கே ஒப்பிடுவது முறை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், சுமார் நூறு பேருடன் 1830 மே 18இல் புறப்பட்டு 1831 செப்டம்பர் 3இல் திரும்பினார். தங்கிய ஊர், தொலைவு, தண்ணீர், கடை என்று தெலுங்கில் எழுதிவந்த நாட்குறிப்பு, பதிவு என்ற வகையில் ஈடற்றது. ஆனால் கூடாரமும் பல்லக்கும் ஆள்படையும் இருந்தால் யாருக்கும் ஒழுங்கு வரும். முறையாகப் பின்பற்ற அதில் கொஞ்சமே தேறும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஆரணிப் பட்டுக்குத் தறி போடும் இந்த வட்டாரத்து நெசவுக் குடும்பம் ஒன்று மே மாதம் ஊட்டிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் குறிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. கூலி சேலைக் கணக்கில். சம்பளத்தோடு விடுப்பு என்பது கிடையாது. பாவின் கடைசிச் சேலையை அறுத்து இறக்கிய பிறகு, அடுத்த பாவைப் புனைவதற்கு முன் உள்ள இடைவெளிதான் அவர்களுக்கு விடுமுறை. ரயிலில் முன்பதிவோ 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அந்த 60 நாளில் எத்தனை சேலை இறங்கும், யார் தார் சுற்றுவார்கள், மழை வந்து தறிக்குழி ஓதம் கண்டால் எத்தனை நாள் போகும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு டிக்கெட் எடுப்பது சாதாரணத் திறன் அல்ல.

அந்தத் துல்லியம் தறிக்கூடத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. புறப்படும் முந்தின இரவு வெளியே வருவது கட்டைப்பை. அதற்குரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம்: இலவசம், இலேசு, மடித்தால் இடமே பிடிக்காது. ஆனால் வாய் திறந்தே கிடக்கும், சாய்த்தால் கொட்டும். ஒரே ஜவுளிக்கடையில் வாங்கிய ஏழு பையும் ஒரே நிறம்.

“எம்மா, சீப்பு எங்க வச்ச?”

“பச்சப் பையில பாரு.”

“எல்லாமே பச்சப் பைதாம்மா.”

இரண்டு கேள்விகளும் ஒரே உரையாடலில் தோற்றுப்போகின்றன. அவர்கள் ஏறும் காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ் நிற்பது சில நிமிடம்தான். படுக்கை வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ இலவசமாகக் கொண்டுபோகலாம். நான்கு பேருக்கு 160. எடை ஒருபோதும் சிக்கல் இல்லை, உருப்படிகளின் எண்ணிக்கைதான் சிக்கல். இதற்கு மாற்றாக வந்த சக்கரப் பெட்டி எண்ணிக்கையைக் குறைக்கிறது, உண்மை. ஒரு துண்டை எடுக்க ஜிப்பைத் திறந்தால் முழுக் குடும்பமும் இருக்கையில் கொட்டிவிடுகிறது என்பதும் உண்மை.

வியப்பு என்னவென்றால், இதே வீட்டில் இதற்கான முறை ஏற்கெனவே இருக்கிறது. கட்டுச்சோற்றைப் பாருங்கள். தயிர்சாதம் இன்றிரவுக்கு, புளிக்காமலிருக்கப் பால் கூட்டிப் பிசைந்தது, மேலே இருக்கும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி காலைக்கு. புளிசாதம் அடியில், மதியத்துக்கு. கெடும் வரிசையும் உண்ணும் வரிசையும் அடுக்கும் வரிசையும் ஒன்றே. எனக்குத் தெரிந்து பயணக் கலையில் இதைவிடக் கச்சிதமான அமைப்பு இல்லை. துணிக்கு வந்ததும் இந்த அறிவு மறைந்து, ஆளுக்கு ஒரு பை என்ற கூறுபாடு நுழைகிறது. காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ஏறும்போது வேண்டியது நான்கு ஸ்வெட்டர். அவை நான்கு பைகளின் அடியில் கிடக்கின்றன. பெயரால் பிரித்தது பிழை. சோற்றைப்போல வேளையால் பிரித்திருக்க வேண்டும்.

பட்டுச்சேலை விஷயத்தில் மட்டும் அவர்கள் கை தவறுவதில்லை. மடிப்பில் நெடுநாள் கிடந்தால் ஜரிகை ஒடியும் என்று தெரிந்தவர்கள், பயணத்துக்குப் பட்டையே எடுப்பதில்லை. எடுத்தாலும் பழைய வேட்டியில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே. மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டிலும் ஏறிவிட்டது. வண்டி பிடித்துப் போகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். அதை எடுத்துக் கைப்பேசியில் வைக்கிற பையனுக்கு, மாத்திரை எந்தப் பையில் என்று தெரியாது.

இங்கேதான் தீர்ப்பு சாய்கிறது. நாள் கணக்கில் நெசவுக் குடும்பம், பதிவில் வீராசாமி, முறையில் மலைபடுகடாம் என்று பரிசைப் பங்கிட்டுக் கொடுத்துவிடலாம், அது நழுவல். திட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதா என்பதே முடிவான சோதனை என்றால், முதலிடம் பெருங்கௌசிகனாருக்கே. அவர் வழியை உரக்கச் சொன்னார். நம் வீட்டில் பட்டியல் அம்மாவின் தலைக்குள் இருக்கிறது. அது நல்ல நினைவாற்றல், திட்டம் அல்ல. தறிக்கணக்கை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். பைக்கணக்கை ஒருவர் மட்டும் சுமக்கிறார். அவருக்கு அந்தப் பயணத்தில் விடுமுறையும் இல்லை.

கட்டைப்பைக்கு ஒரே ஒரு சரியான இடம் உண்டு. மடித்து, பெட்டியின் அடியில், வெறுமையாக. திரும்பும்போது வர்க்கியும் தைலமும் தேயிலைத்தூளும் அதில் வரும். நன்னனின் பரிசிலுக்குக் கவிஞர் யோசிக்காமல் விட்டது இதைத்தான். அந்தப் பரிசிலில் யானையும் இருந்தது என்பதால் அவரை மன்னித்துவிடலாம்.