கொரங்காட்டு வெள்வேல்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்துக் கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் காடுகளைக் காரில் போகிறபோது பார்த்தால் தரிசு என்றுதான் தோன்றும். சரளை மண், ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. உழுது பிழைக்க முடியாத நிலத்தை மேய்ச்சலுக்கு விட்ட குடும்பங்கள், கீழே கொழுக்கட்டைப்புல், மேலே வெள்வேல், சுற்றிலும் கிளுவை வேலி என்று அமைத்துக்கொண்டன.

வெள்வேலைத் தேர்ந்ததில்தான் எத்தனை நுட்பம்! புளியைப்போல் அடர்ந்த நிழல் விழுந்தால் அடியில் புல் தேறாது. வெள்வேலுக்கோ பொடிப்பொடி இலை. வெயிலைச் சல்லடையில் சலித்துக் கீழே விடுகிறது. மாடு படுக்க நிழலும் ஆச்சு, புல்லுக்கு வெளிச்சமும் ஆச்சு. இன்னொரு நயம், அது காய்க்கும் காலம். புல் கருகிக் கிடக்கும் சித்திரை வைகாசியில் காய் முற்றி உதிர்கிறது. தீவனத்துக்குக் காசு தேட வேண்டிய மாதத்தில் ஆடு மாடுகளின் வயிறு மரத்தடியிலேயே நிறைந்துவிடும்.

வயிற்றுக்குள் போன கெட்டித்தோல் விதை ஊறி இளகி, சாணத்திலும் புழுக்கையிலும் விழுந்து, மழைக்கு முளைக்கிறது. முளைத்த கன்றில் எதை விடுவது, எதைக் களைவது என்பதுதான் குடும்பத்தின் வேலை. நெருக்கி விட்டால் புல் போச்சு. அடியோடு கழித்தால் காய் போச்சு. குழி தோண்டி நடுவதைவிட இந்த விடுதலுக்குத்தான் கண் வேண்டும்.

கையால் நடுவது கிளுவையை. போத்து வெட்டி வரிசையாக ஊன்றினால் வேர்விட்டு, முள்ளோடு முள் பின்னிக்கொள்ளும். கம்பி வேலி போட்ட நாளிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். கிளுவை வருடம் ஏற ஏற இறுகும். வேலி இருப்பதால் மேய்க்க ஆள் வேண்டாம். காங்கேயம் மாடுகள் இரவிலும் காட்டிலேயே கிடக்கும். பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட வீட்டில் இது சின்ன சௌகரியமா? மரம் வளர்க்க ஆள் பஞ்சமும் ஒரு காரணம் என்று எந்த மரம் நடு விழாவிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்தப் பக்கம் போவதென்றால் கோடையில் போங்கள். வெள்வேலடியில் ஆடுகள் காய் பொறுக்குவதை நின்று பாருங்கள். காடு காய்ந்து கிடக்கிறதே என்று பரிதாபப்பட வேண்டாம். வெள்வேலுக்கு அதுதான் அறுவடைக் காலம்.