கருக்கு: நம் விசுவாசத்தின் உரைகல்

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலைக் கடக்கும் நாம், திங்கட்கிழமை காலையில் யாராக இருக்கிறோம்? இவ்வினா புதியதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, வாயால் அறிக்கையிடும் விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே உள்ள பிளவை நம் காலத்தின் கடுமையான தவறுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. சங்க ஏடுகளைப் படித்தோர் நம்முள் சிலரே. எனினும் அதே உண்மையை, ஏட்டு மொழியில் அன்றி வயற்காட்டு மொழியில் நம் முன் வைத்த தமிழ் நூல் ஒன்று உண்டு. அதுவே பாமாவின் ‘கருக்கு’.

1992-இல் மதுரையில், இயேசு சபையாரின் சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் இந்நூலை வெளியிட்டது. தமிழில் தலித் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு என்று பலரும் இதனைக் குறிப்பிடுவர். 2000-ஆம் ஆண்டில் லட்சுமி ஓம்ஸ்திராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின் உலகெங்கும் வாசகர்களைப் பெற்றது. ஆயினும் தேனி, கம்பம் பள்ளத்தாக்கு மக்களாகிய நமக்கு இது தொலைவிலுள்ள நூல் அன்று. வருசநாட்டு மலைத்தொடரின் மேற்கே நாம் வாழ்கிறோம். அதே மலைத்தொடரின் கிழக்கே, வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள புதுப்பட்டியே பாமா பிறந்த ஊர். மலையின் மறுபுறத்திலிருந்து வந்த குரல் இது.

பனைமட்டையின் இருபுறமும் உள்ள அரம் போன்ற கூர்விளிம்பே கருக்கு. இருபுறமும் கூர்மையான வாளாக இறைவார்த்தையைக் காட்டும் எபிரேயர் திருமுகத்தையும் நூலாசிரியர் நினைவுபடுத்துகிறார். ஆகவே தலைப்பிலேயே விறகு சுமக்கும் சிறுமியின் காயமும் திருவிவிலியமும் ஒன்றாய்ச் சேர்ந்துவிடுகின்றன. வாழ்வு வேறு, மறை வேறு என்று பிரிக்க இந்நூல் இடந்தரவில்லை. கோவில் மணியும் ஞானோபதேச வகுப்பும் புதுநன்மையும் திருவிழாவும், களையெடுப்புக்கும் கடலைப் பறிப்புக்கும் நடுவேதான் வருகின்றன.

நூலின் இரு காட்சிகளை வாசகர் எவரும் மறக்க இயலாது. தம் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் அதன் நூலைப் பிடித்துத் தூக்கிச் சென்று நிலவுடைமையாளரிடம் பணிந்து கொடுப்பதைச் சிறுமி காண்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணத்தைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிடுகிறது. மற்றொன்று, உழைத்துக் களைத்த பாட்டியின் குவித்த கைகளில், படாமல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றப்படும் காட்சி. இரண்டிலும் பெருஞ்சொற்கள் இல்லை. ஒரு கை மற்றொரு கைக்கு ஒன்றைக் கொடுக்கும் விதம் மட்டுமே உள்ளது. ஒரு சமுதாயத்தின் மறைக்கல்வி முழுவதும் அந்த விதத்தில் அடங்கிவிடுகிறது.

இவ்விடத்தில் கிறிஸ்தவ வாசகர் சற்று ஆறுதல் கொள்ளக்கூடும். பொட்டலத்தை வாங்கிய கையும் தண்ணீர் ஊற்றிய கையும் கிறிஸ்தவக் கைகள் அல்லவே! பாமா அந்த ஆறுதலை நீடிக்க விடுவதில்லை. கல்வி பெற்று, ஆசிரியப் பணியாற்றி, ஏழைகளுக்குத் தொண்டு செய்யும் ஆர்வத்தோடு துறவற சபையில் சேர்ந்தவர் அவர். அங்கு ஏழாண்டுகளில் கண்டவற்றை நூலின் பிற்பகுதி கூறுகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்த இல்லத்தில் வசதிக்குக் குறைவில்லை. எளிய வேலைகளுக்கு என்றே சில மக்கள் பிறந்தார்கள் என்ற எண்ணம் அங்கும் கேள்வியின்றி நிலவுகிறது. ஆக, தெருவில் கண்ட அதே கை செபமாலையோடும் தோன்றுகிறது. முற்பகுதியைப் பிற்பகுதி நியாயத்தீர்ப்புக்கு உட்படுத்தும் இவ்வமைப்பே நூலின் தலையாய கலைச்சிறப்பு என்பது எம் கருத்து. காலவரிசையின்றி நினைவுகள் முன்னும் பின்னும் அலைகின்றன என்று குறை கூறுவோர், இந்த ஒழுங்கைக் காணத் தவறுகின்றனர்.

மொழியும் அத்தகையதே. உரையாடலில் மட்டுமின்றி, கதைகூறும் பகுதியிலும் பேச்சு வழக்கையே ஆசிரியர் கையாள்கிறார். செந்தமிழில் மறையுரை கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது முதலில் உறுத்தலாம். ஆனால் இயேசு உவமைகளுக்காகத் தேடிச்சென்றவை விதையும் வலையும் புளிப்புமாவும் காணாமற்போன காசும் அல்லவா? அன்றாடப் பொருளைக் கொண்டே இறையாட்சியை அவர் விளக்கினார். அன்றாடப் பேச்சு அதற்குத் தகுதியற்றது என்று நாம் எப்படிச் சொல்வோம்?

குறைகளையும் கூறுவது திறனாய்வின் கடமை. மடத்து வாழ்வைப் பேசும் பக்கங்களில் கோபம் ஒரே நிறத்தைத் தீட்டிவிடுகிறது. ஏழைகளோடு ஏழைகளாய் வாழ்ந்த துறவியரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு அங்கே போதிய இடமில்லை. சாதியால் நசுக்கப்படும் பெண், வீட்டுக்குள்ளும் நசுக்கப்படும் நிலை இந்நூலில் விரிவாக இடம்பெறவில்லை. 1994-இல் வந்த ‘சங்கதி’யே அதனை நிறைவு செய்தது. ஆயினும், கோபம் மிகுந்தது என்பதற்காகச் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது. ஆமோசும் மெல்லிய குரலில் பேசியவர் அல்லர்.

நூலை மூடிவிட்டு நம் பள்ளத்தாக்கைப் பார்ப்போம். விடியுமுன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் பந்தல்களுக்குக் கீழே கவாத்தும் அறுப்பும் கூலியாட்களின் கைகளால் நடக்கின்றன. திராட்சைத் தோட்ட வேலையாட்களைப் பற்றிய மத்தேயு 20-ஆம் அதிகாரத்து உவமை நமக்குக் கற்பனைக் கதையன்று. அறுப்பு நாளில் நம் ஊரில் நிகழ்வது. அவ்வுவமையில், கடைசியாக வந்தவனுக்கும் ஒரு தெனாரியம் தருகிறார் தோட்டக்காரர். நம் தோட்டங்களில் கூலி எந்த நேரத்தில், எந்த முகத்தோடு கொடுக்கப்படுகிறது? வேலையாளின் தேநீர் எந்தக் குவளையில் ஊற்றப்படுகிறது? தடுத்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடும் என்கிறார் புனித யாக்கோபு. அக்கூக்குரலைக் கேட்பதற்கு அன்பியக் கூட்டங்களில் நாம் எத்தனை நிமிடம் ஒதுக்குகிறோம்?

தோட்டமில்லாத நமக்கும் விலக்கில்லை. நம் வீட்டுக்குக் குப்பை எடுக்க வருபவருக்குத் தண்ணீர் தரும்போதும், பிள்ளைக்கு வரன் பார்க்கும்போதும், கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கும்போதும் நம் விசுவாசம் சோதிக்கப்படுகிறது. சாதிப் பாகுபாடு உண்மையான மானிட ஒருமைப்பாட்டுக்கு எதிரானது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003-இல் தமிழக ஆயர்களிடம் வலியுறுத்தினார். தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்டது. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், குருவும் அல்லர், துறவியும் அல்லர், மணமான பொதுநிலையினர். சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகிய அவருடைய அன்றாட நடத்தையே அவரது சாட்சியமாயிற்று. ஆவணங்கள் வந்துவிட்டன, புனிதரும் கிடைத்துவிட்டார். எஞ்சியிருப்பது நம் கை மட்டுமே.

திருப்பலியில் ஒருவருக்கொருவர் அமைதியை வாழ்த்துகிறோம். நற்கருணையைப் பெறக் கையை விரிக்கிறோம். அந்தக் கை திங்கட்கிழமை காலையில் தண்ணீரை எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுகிறது என்பதே ‘கருக்கு’ நம்மிடம் கேட்கும் கேள்வி. நம் பங்கு நூலகங்களில் புனிதர் வரலாறுகளுக்கு அருகில் இந்நூலும் இடம்பெறட்டும். தவக்காலத்தில் ஒரு மாலையேனும் அன்பியங்களில் இதன் பக்கங்கள் வாசிக்கப்படட்டும். படிக்கும்போது கை வலிக்கும். கருக்கின் இயல்பு அது. வலித்த பின்னரும் மூடிவைக்காமல் படிப்பவர், இறைவார்த்தை என்னும் வாள் தம் கைக்கும் உரியது என்பதை உணர்வார்.