பழைய சர்வர் பேசும் வரிகள்

பழைய சர்வர் பூட் ஆகும்போது திரையில் ஓடும் வரிகளைப் பலர் கண்டுகொள்வதில்லை. எனக்கு அவற்றைப் படிப்பதில் தனி ருசி.

லினக்ஸில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் உள்ள எண், கெர்னல் ஓடத் தொடங்கியபின் கடந்த விநாடிகள். அது திடீரெனத் தாவினால், கெர்னல் எதற்கோ காத்துக் கிடந்திருக்கிறது என்று பொருள். டிஸ்க்கிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு வழக்கமாக 30 விநாடி பொறுக்கும். பதில் இல்லையென்றால் இணைப்பை ரீசெட் செய்யும். பிழை தொடர்ந்தால் அந்த சாட்டா இணைப்பின் வேகத்தை விநாடிக்கு 6 ஜிகாபிட்டிலிருந்து 3க்கும், பின் 1.5க்கும் இறக்கிப் பார்க்கும். நிதானமான வைத்தியம்!

உடனே டிஸ்க்கின் மேல் பழிபோடக் கூடாது. டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண்ணின் கணக்கு ஏறினால் முதல் சந்தேகம் கேபிள்மேல். 5ஆம் எண்ணின் கணக்கு ஏறினால் டிஸ்க்கிலேயே கோளாறு.

டிஸ்க்குகளுக்குள் குணபேதமும் உண்டு. டெஸ்க்டாப் டிஸ்க் கெட்ட செக்டரை விடாப்பிடியாக, ஒரு நிமிடத்துக்கு மேலும் படிக்க முயலும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டுக்கென்று செய்த டிஸ்க் பெரும்பாலும் 7 விநாடியில் விட்டுக்கொடுத்துவிடும். ஏனென்றால் அதே தகவலைத் தர மற்ற டிஸ்க்குகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே ரெய்டில் கலந்து மாட்டினால், பதில் தரத் தாமதிக்கும் டெஸ்க்டாப் டிஸ்க், நல்ல நிலையில் இருந்தும், செத்ததாகக் கருதப்பட்டு வெளியேற்றப்படலாம்.

எந்தப் பாகத்தையும் கழற்றுமுன் இந்த லாக் வரிகளைப் படிப்பவரே நல்ல மெக்கானிக்.