ரெக்: சொற்சிக்கனத்தின் அழகு

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தப் பெரும்பாலோர் திறப்பது ரெஜ்எடிட்டைத்தான். இடப்பக்கம் ஃபோல்டர்கள், வலப்பக்கம் மதிப்புகள். தேடிப் பிடித்து, மாற்றி, மூடிவிடலாம். மாற்றியது உடனே பதிவாகிவிடும், அன்டூ கிடையாது. போன வாரம் எதை மாற்றினோம் என்று யாராவது கேட்டால் நினைவைத்தான் துழாவ வேண்டும். அதே வேலையைக் கமாண்ட் பிராம்ப்டில் செய்யும் ‘ரெக்’ கட்டளையின் ரசிகன் நான். எங்கே, எதை, எந்த வகையில், என்னவாக மாற்றுகிறோம் என்ற நான்கும் அதில் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. அந்த வரி பிறகும் எழுத்தாக நிற்கிறது.

ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு ரசிப்போம். கோப்புப் பெயரின் வால்பகுதியான எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் இயல்பாக மறைத்துவிடுகிறது. இது சின்ன விஷயமல்ல. 2000 மே மாதம் உலகைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில், .டிஎக்ஸ்டி.விபிஎஸ் என்று இரட்டை வாலோடு வந்தது. கடைசி வால் கண்ணுக்குப் படாததால், வெறும் எழுத்துக் கோப்பு என்று நம்பிப் பலர் அதைத் திறந்தார்கள். அந்த வாலைக் காட்டச் சொல்லும் கட்டளை ‘ரெக் ஆட்’ என்று தொடங்குகிறது.

அடுத்து வருவது பாதை. ஹெச்கேசியு, சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், அட்வான்ஸ்டு. பத்திரத்தின் சொத்து விவரத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் என்று எல்லை குறுகிக்கொண்டே வருமே, அதே நடை. முதல் நான்கு எழுத்திலேயே ஒரு பெரிய முடிவு இருக்கிறது. ஹெச்கேசியு என்றால் இப்போது உள்ளே இருக்கும் பயனருக்கு மட்டும். ஹெச்கேஎல்எம் என்றால் கணினி முழுவதற்கும். அதில் எழுத அட்மின் உரிமை வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. வேறொரு அட்மின் கணக்கின் பெயரில் கட்டளைத் திரையைத் திறந்தால், அங்கே ஹெச்கேசியு என்பது அந்த அட்மினுடைய பகுதி. அப்போது மாற்றம் நம் கணக்கில் தெரியவே தெரியாது.

பிறகு /வி: மதிப்பின் பெயர், ஹைட்ஃபைல்எக்ஸ்ட். அதன்பின் /டீ: வகை, ரெக்_டிவேர்டு. 32 பிட் எண் என்று இதற்குப் பொருள். வகையைச் சொல்லாமல் விட்டால் ரெக் அதை எழுத்துச்சரமாக, அதாவது ரெக்_எஸ்இசட்டாக எடுத்துக்கொள்ளும். திரையில் பூஜ்யம் பூஜ்யமாகவே தெரியும். உள்ளே இருப்பதோ எண்ணல்ல, எழுத்து. அதனால்தான் வகையைச் சொல்லி எழுதிய வரியைப் பார்த்தாலே எழுதியவரின் கவனம் புரிந்துவிடுகிறது. கடைசியில் /டி 0: மறைக்காதே. அதையொட்டி /எஃப். மதிப்பு ஏற்கெனவே இருந்தால், மேலெழுதலாமா என்று ரெக் கேட்கும். கேட்காமல் எழுது என்பதுதான் /எஃப். பதில் சொல்ல ஆளில்லாத நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு இது வேண்டும்; கையால் தட்டும்போது விட்டுவிடுவதே நல்லது.

எழுதியதைச் சரிபார்க்க ‘ரெக் க்வெரி’. அதே பாதை, அதே /வி. பதிலில் முதலில் பாதை. அதன் கீழே நான்கு இடம் உள்தள்ளிப் பெயர், வகை, மதிப்பு. நாம் எழுதிய வரிசையிலேயே நமக்குத் திரும்பி வருகிறது. எண்ணை மட்டும் பதினாறடிமானத்தில் காட்டும். 10 என்று எழுதியிருந்தால் 0எக்ஸ்ஏ என்று நிற்கும். இது பழகிவிட்டால் மதிப்பைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை.

நான் மிகவும் வியப்பது ‘ரெக் லோட்’. ஒவ்வொரு பயனரின் ஹெச்கேசியுவும் அவரவர் ஃபோல்டரில் என்டியூசர்.டாட் என்ற கோப்பாக இருக்கிறது. டீஃபால்ட் என்ற ஃபோல்டரிலும் அப்படி ஒன்று உண்டு. புதிய பயனருக்கு அதன் நகல்தான் போகும். அட்மின் உரிமையோடு அதை, பயனர் பகுதிகள் ஏற்றப்படும் ஹெச்கேயுவின் கீழ் ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றி, மேலே சொன்ன வரியை அந்தப் பெயருக்கு எழுதி, ‘ரெக் அன்லோட்’ கொடுத்து இறக்கிவிட்டால் போதும். இனி அந்தக் கணினியில் புதிதாகக் கணக்குத் தொடங்கும் எவருக்கும் கோப்பின் வால் முதல் நாளே தெரியும். இன்னும் பிறக்காத கணக்குக்கு இன்றே ஏற்பாடு செய்துவைக்க மூன்று வரி போதுமாக இருக்கிறது.

‘ரெக் கம்பேர்’ காட்டும் பண்பும் ரசிக்கத்தக்கது. இரண்டு கிளைகளை ஒப்பிட்டு ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 2 என்று முடிவு சொல்லும். ஒப்பிடவே முடியாவிட்டால் 1. வேறுபாட்டையும் தோல்வியையும் அது குழப்பிக்கொள்வதில்லை. சரியாக இருக்கும் கணினியின் கிளையை வைத்து, தகராறு செய்யும் கணினியின் கிளையைச் சோதிப்பவருக்கு இந்தப் பிரித்துச் சொல்லும் நேர்மை பெரிய உதவி.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ‘ரெக் எக்ஸ்போர்ட்’. மாற்றப்போகும் கிளை ஒரு .ரெக் கோப்பாக வெளியே வரும். நோட்பேடில் திறந்தால் சதுர அடைப்புக்குள் பாதை, அடியில் பெயரும் மதிப்பும். அதைத் திரும்ப உள்ளே ஏற்றுவது ‘ரெக் இம்போர்ட்’. அந்தக் கோப்பில் பாதைக்கு முன்னே ஒரு சிறு கோடு போட்டால், இம்போர்ட் செய்யும்போது அந்தக் கிளையே அழிந்துவிடும். சமக்குறிக்குப் பின்னே கோடு போட்டால் அந்த மதிப்பு மட்டும் போகும். ஒரு கோடு, நிற்கும் இடத்தைப் பொறுத்து அவ்வளவு வேறு வேலை செய்கிறது. இம்போர்ட் என்பது உள்ளதோடு சேர்ப்பதுதான் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். எக்ஸ்போர்ட்டுக்குப் பின் புதிதாக முளைத்த மதிப்பு தானாக நீங்காது. அதற்கு ‘ரெக் டெலிட்’ தனியாகக் கொடுக்க வேண்டும்.

எக்ஸ்போர்ட், ஆட், க்வெரி என்ற வரிசையில் நாலைந்து வரிகளை ஒரு பேட்ச் கோப்பில் எழுதி வைத்துப் பாருங்கள். செய்த வேலையும் அதன் குறிப்பும் அங்கே ஒன்றாகிவிடும். உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை, வாசித்தாலே போதும்.