டிக்கி கதவின் கிறீச் சத்தம்: கிரீஸுக்கு முன்னால் ஸ்ட்ரைக்கர்

டிக்கி கதவு சத்தம் போடுகிறது என்று பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். பீடிங் ரப்பரில் ஸ்பிரே அடிப்பார்கள், கீலில் கிரீஸ் தடவுவார்கள், கதவை நாலு முறை திறந்து மூடிக் காட்டுவார்கள். கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும். பிறகு ஏதோ ஒரு வேகத்தடையில் அதே கிறீச் திரும்பி வரும். சத்தத்தை அடக்கினார்களே தவிர, கதவு அதன் இடத்தில் சரியாக உட்காருகிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சென்னைச் சாலைகளில் சில வருடங்கள் ஓடிய என் ஹேட்ச்பேக்கில் இந்த வேலையை நானே செய்து பார்த்தேன். வேலை எப்படி, அதற்கு வாங்கிய சாமான்களில் எது உருப்படி, எது வீண் என்பதுதான் இந்த விமர்சனம்.

ஹேட்ச்பேக்குக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை?

செடானில் பின் சீட்டுக்குப் பின்னால், பாடியின் இரு பக்கங்களையும் இணைத்துப் பிடிக்கும் இரும்புத் தகடு இருக்கும். ஹேட்ச்பேக்கில் அந்த இடம் முழுக்கத் திறப்பு. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது அந்தத் திறப்பு மூலைக்கு மூலை துளியளவு கோணுகிறது. கதவு அதே அளவுக்குக் கோணுவதில்லை. அந்த வித்தியாசம் ரப்பருக்கும் பெயின்டுக்கும் நடுவே தேய்ப்பாக வெளிப்படுகிறது. ரப்பர் பெயின்டில் ஒட்டிக்கொள்கிறது, இழுவை கூடியதும் சறுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. வயலின் வில் தந்தியைப் பாடவைப்பதும் இதே முறையில்தான்.

அதனால் கோணலை ஒழிக்க முடியாது. கதவை மேலே இரண்டு கீல்களும், கீழே நடுவில் லாக்கும், ஓரங்களில் ரப்பர் ஸ்டாப்பர்களும் சேர்ந்து இறுக்கமாகப் பிடித்திருந்தால், அது பாடியோடு சேர்ந்து அசையும், தேய்ப்பு குறையும். நம் வேலை அந்தப் பிடிப்பைச் சரிசெய்வதுதான்.

முதலில் காதுக்கு வேலை

கதவில் கை வைப்பதற்கு முன் டிக்கியைக் காலி செய்யுங்கள். பார்சல் ட்ரேயைக் கழற்றி வீட்டில் வையுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னியைப் பிடிக்கும் போல்ட் ஆகியவை இறுகியிருக்கின்றனவா பாருங்கள். நம்பர் பிளேட்டை விரலால் தட்டிப் பாருங்கள். டிக்கி சத்தம் என்று வருபவற்றில் கணிசமான பங்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

பிறகு போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு டிக்கிக்குள் ஒரு துண்டின் மேல் வைத்து, வழக்கமான தெருவில் மெதுவாக ஓட்டுங்கள். சத்தத்தின் வகை நிறையச் சொல்லும். 'கிறீச்' என்றால் ரப்பர் தேய்கிறது. 'டொக் டொக்' என்றால் லாக்கில் ஆட்டம். 'லொடலொட' என்றால் உள்பக்க பிளாஸ்டிக் பேனலின் கிளிப் தளர்ந்திருக்கிறது.

பலரை ஏமாற்றும் இடம் பின் சீட்டின் முதுகைப் பூட்டும் கொக்கி. அதன் சத்தம் டிக்கியிலிருந்து வருவது போலவே கேட்கும். சீட்டை மடக்கிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் நின்றால் கதவைத் தொடவே வேண்டாம். கொக்கி மாட்டும் இரும்புக் கம்பியில் ஒரு சுற்றுத் துணி டேப் போதும்.

வங்கி அட்டையே அளவுகோல்

கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்கத் தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. வங்கி அட்டைகளின் தடிமன் உலகம் முழுக்க ஒரே தர அளவுதான்: 0.76 மில்லிமீட்டர். எழுத்துகள் புடைத்திராத பழைய அட்டைகளை அடுக்கி இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். ஐந்து அட்டை என்றால் 3.8 மில்லிமீட்டர். என் காரில் கீழ்ப்பகுதியின் இடப்பக்கம் ஐந்து அட்டைகள் தாராளமாக நுழைந்தன. வலப்பக்கம் நாலாவது அட்டையே முரண்டு பிடித்தது.

இது கீலின் கோளாறா, லாக்கின் கோளாறா என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலையின் முக்கியமான கட்டம். கதவை மிக மெதுவாக இறக்கி, லாக் பிடிக்கும் கடைசி நொடியை மட்டும் கவனியுங்கள். அதுவரை நடுவில் வந்த கதவு, பிடிக்கும்போது ஒரு பக்கமாக நகர்ந்தால் ஸ்ட்ரைக்கர் (லாக் பிடித்துக்கொள்ளும் வளைந்த கம்பி) தள்ளி இருக்கிறது. முதலிலிருந்தே கோணலாக வந்தால் கீல்.

என் காரில் கதவு கடைசியில் வலப்பக்கம் நகர்ந்தது. ஸ்ட்ரைக்கரிலும் அதற்குச் சாட்சி இருந்தது. அந்தக் கம்பியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது, மறுபக்கம் பெயின்ட் அப்படியே இருந்தது.

ஸ்ட்ரைக்கரை நகர்த்துதல்

பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் ஸ்ட்ரைக்கர் பாடியின் கீழ் விளிம்பில் இருக்கும், சிலவற்றில் கதவில் இருக்கும். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை பிளாஸ்டிக் நெம்புகோலால் எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் வைத்தால் பெயின்ட் போகும். அடுத்து, ஸ்ட்ரைக்கரின் தகட்டைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். வேலை தவறினால் பழைய இடத்துக்குத் திரும்ப அந்தக் கோடுதான் வழி.

போல்ட்டுகளை முழுவதும் தளர்த்தாதீர்கள். அழுத்தினால் நகரும், விட்டால் நிற்கும் என்ற அளவுக்கு இருந்தால் போதும். கதவை மெல்ல மூடினால் லாக்கே ஸ்ட்ரைக்கரை நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். பதறாமல் திறந்து, போல்ட்டுகளைக் கார் மேனுவல் சொல்லும் டார்க் அளவுக்கு இறுக்குங்கள். கதவை மூடும் முன்பே பின் சீட்டை மடக்கி வையுங்கள். லாக் சிக்கிக்கொண்டால் உள்ளேயிருந்து கை எட்ட வேண்டும். இறுக்கி முடிக்கும்வரை காரை ஓட்டக் கூடாது.

என் காரில் ஸ்ட்ரைக்கர் நகர்ந்தது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 'டொக் டொக்' அதோடு போயிற்று. இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் அட்டைகள் நுழைந்தன.

ஸ்டாப்பர்: சின்னது, ஆனால் தலைமை

கதவின் கீழ் மூலைகளில் இருக்கும் ரப்பர் ஸ்டாப்பர்களைப் பலர் கவனிப்பதே இல்லை. லாக் கதவை உள்ளே இழுக்க, ஸ்டாப்பர் வெளியே தள்ள, இந்த இரண்டு விசைக்கும் நடுவேதான் கதவு ஆடாமல் நிற்கிறது. ரப்பர் நாளடைவில் இறுகித் தட்டையானால் அந்தத் தள்ளுவிசை போய்விடும்.

சாக்பீஸை ஸ்டாப்பரின் தலையில் தேய்த்துக் கதவை மூடித் திறந்து பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் வட்டமாக வெள்ளை பதிந்தால் தொடுகிறது. என் காரின் வலப்பக்கம் முழு வட்டம் விழுந்தது. இடப்பக்கம் ஓரத்தில் ஒரு கீற்று மட்டும். திருகி நீட்டக்கூடிய வகை என்பதால் இடப்பக்க ஸ்டாப்பரை அரைச் சுற்று, அரைச் சுற்றாக வெளியே எடுத்து இரு பக்கமும் சமமாகப் பதியும்வரை சரிசெய்தேன்.

அதிகம் நீட்டினால் வேறு வம்பு. லாக்குக்கு இரண்டு 'க்ளிக்' உண்டு. முதலாவது பாதிப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. ஸ்டாப்பர் கூடுதலாக நீண்டால் கதவு முதல் க்ளிக்கிலேயே நின்றுவிடும், டேஷ்போர்டில் கதவு விளக்கு எரியும். ஓங்கி அறைந்தால்தான் மூடுகிறது என்றால் அரைச் சுற்று உள்ளே அனுப்புங்கள்.

கடைசியாக பீடிங். செய்தித்தாள் துண்டு ஒன்றை ரப்பரின் மேல் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கம் இருக்க வேண்டும். எங்கே காகிதம் சும்மா வழுக்கி வருகிறதோ, மழைத் தண்ணீர் நுழையும் வழி அதுதான்.

வாங்கிய சாமான்கள்

சிலிகான் ஸ்பிரே: விலை சில நூறு ரூபாய். ரப்பரைக் கெடுக்காது, கிறீச் சத்தத்தை உடனே நிறுத்தும். மழையும் வாட்டர் வாஷும் சீக்கிரம் கழுவிவிடும். நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். சிலிகான் படிந்த இடத்தில் பின்னால் பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விழும்.

சிலிகான் கிரீஸ்: என் தேர்வு இதுதான். சுத்தம் செய்து உலர்ந்த ரப்பரில் விரல் நுனியால் மெல்லிய படலமாகத் தேய்த்தால் ஸ்பிரேயைவிட அதிக நாள் நிற்கிறது. தடிமனாகப் பூசினால் தூசி ஒட்டும்.

டபிள்யூடி-40: 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. துருப்பிடித்த போல்ட்டுக்கு அருமை. பீடிங் ரப்பருக்கு வேண்டாம். பீடிங் பெரும்பாலும் இபிடிஎம் வகை ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதி இளகும். சாதாரண கிரீஸுக்கும் இதே எச்சரிக்கை.

துணி டேப்: ஒயரிங் சுற்றப் பயன்படும் கறுப்பு டேப். செலவுக்கு மிஞ்சிய பலன். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும் இடங்களிலும் சீட் கொக்கியிலும் ஒட்டலாம்.

பிளாஸ்டிக் நெம்புகோல் செட்: கட்டாயம் வாங்குங்கள். ஒரு கிளிப் உடையாமல் தப்பினாலே காசு தேறிவிடும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

கீல் கோளாறு என்று தெரிந்தால் டிங்கரிங் தெரிந்தவரிடம் விடுங்கள். கீல் போல்ட்டை எட்டப் பல கார்களில் கூரையின் உள்துணியை இறக்க வேண்டும். கதவின் எடையைத் தாங்க இன்னொரு ஆள் தேவை, சற்றே நகர்ந்தாலும் கண்ணாடியின் ஓரம் கூரையில் இடிக்கும். கீல் போல்ட்டின் தலையில் பெயின்ட் விரிசல் விட்டிருந்தால் யாரோ ஏற்கெனவே அதைத் திருகியிருக்கிறார்கள். பழைய கார் வாங்கும்போது இதை அவசியம் பாருங்கள். பின்பக்கம் அடிபட்ட கார்களில் இது தெரியும்.

திறந்த கதவு தானாக இறங்கினால் கேஸ் ஷாக்கர் பலம் இழந்திருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் கதவை ஒரு பக்கம் அதிகமாகத் தள்ளி முறுக்கும், ஜோடியாகவே மாற்றுங்கள். உள்ளே அதிக அழுத்தத்தில் வாயு இருப்பதால் பழையதைத் துளைக்கவோ சூடாக்கவோ வேண்டாம்.

தீர்ப்பு

சாமான்களின் செலவு குறைவு. வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை தாராளம். ஸ்டாப்பர், ஸ்ட்ரைக்கர் இரண்டும் பொறுமையுள்ள யாரும் செய்யக்கூடியவை. வரிசை மட்டும் முக்கியம்: காலி செய்து கேளுங்கள், அளந்து பாருங்கள், ஸ்ட்ரைக்கர், ஸ்டாப்பர், அதன் பிறகே கிரீஸ்.

இதை வெறும் சத்தப் பிரச்சினையாக ஒதுக்காதீர்கள். சரியாக மூடாத டிக்கி வழியே மழைத் தண்ணீர் ஸ்டெப்னி பள்ளத்தில் தேங்கித் துருவாகும். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகைக்குழாயின் வாயுவும் அதே இடுக்கு வழியே உள்ளே வரும். அந்த வாயுவில் மணமில்லாத கார்பன் மோனாக்ஸைடு உண்டு. பருவமழை தொடங்கும் முன் உங்கள் ஸ்டெப்னியைத் தூக்கி ஒரு முறை பாருங்கள். கீழே ஈரம் இருந்தால் இந்த வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.